சில நாளாகக் காணோமே

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் இருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது.

"சில நாளாக உங்களைக் காணோமே, நலமா?"

நான் எழுதிய வரிதான். ஆன்லைன் கோர்ஸ்களை வடிவமைப்பது என் வேலை. யாராவது விசாரித்தால் பாதியில் நின்றவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஆய்வுகள் சொல்வதால், வராதவர்களுக்கு அது தானாகப் போகும்படி அமைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க என் பெயரையும் சேர்த்திருந்ததை மறந்துவிட்டேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா, வீட்டுல தேடுதாகளா?"

"ஆமாக்கா."

நான் பூட்டிவிட்டு வந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

"பாவம், ஒரு வார்த்தை பதில் போட்டுரும்மா."

அந்தச் செய்திக்குப் பதில் எழுத நான் இடமே வைக்கவில்லை.

நான் எழுதும் இந்தப் பதிவுக்குக் கீழே, நீங்கள் பதில் போட நிறைய இடம் இருக்கிறது.