யாரைத் தொடரும்?

“இத பாருங்க அத்தை, செம சீரிஸ்” என்று பிள்ளைத்தாச்சி மருமகள் டிவியைப் போட்டாள். செத்தவள் ஒருத்தி வீடு தேடி வருகிற கதை. முதல் எபிசோடு முடிந்து ‘தொடரும்’ என்று வந்ததும் நான் அவள் வயிற்றைத்தான் பார்த்தேன்.

திண்டிவனத்துப் பக்கம் எங்கள் ஊரில் நான் மூன்றாவது படித்தபோது, கடையில் வெல்லம் மடித்துத் தந்த தாளில் இப்படித்தான் ஒரு பேய்க்கதை இருந்தது. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த சித்திக்கு அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெல்லப் பிசுக்கில் தாள் விரலோடு ஒட்டியது. சித்திக்கு அப்போது எட்டு மாதம்.

“கடைசில தொடரும்னு போட்டிருக்குது சித்தி.”

“யாரைடி தொடரும்?”

எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். “கதை கேக்குறவங்களத்தான்” என்றேன்.

“அடிப்பாவி, அதப் போயி எங்கிட்ட படிச்சிக்கினு இருக்கிறியே!” என்று சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தாள். கிணற்றடியில் அப்படித் திரும்பும்போதுதான் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. நான் சொன்ன அர்த்தத்தைப் பற்றி இன்றுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

“மீதியையும் இன்னைக்கே பாத்து முடிச்சிடும்மா” என்றேன் மருமகளிடம்.

“கடைசி எபிசோடு அடுத்த மாசந்தான் வருமாம் அத்தை.”

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவளுக்கும் அடுத்த மாதம்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள்.