மூன்றாவது சொட்டு ரத்தம்

போன செவ்வாய்க்கிழமை நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்த அஞ்சலட்டையின் ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. சின்னக்கானல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துவந்த தங்கராஜ் அண்ணன் காலமாகிவிட்டார். அங்கே அவருடன் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். "ஏனுங்கம்மிணி, சொந்தக்காரருங்களா?" என்று தபால்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடை ஈ தின்றுவிடும் என்று அண்ணனுக்கு ஓயாத கவலை. அதை மூடிவைப்பதில் காட்டும் அக்கறையில் தன் சாப்பாட்டை மறந்துவிடுவார். ஈயெல்லாம் அவருடைய சாம்பார் சாதத்தில் உட்கார்ந்திருக்கும்.

எழுபத்தைந்தாம் ஆண்டு மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் செல்லத்தாய் ஒரு கல்யாணத்துக்காக மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினாள். அண்ணன் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்து, 'மலேரியா இல்லை' என்று எழுதினார். மதியத்துக்குள் அவளுக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. டைபாய்டாக இருக்கும் என்று டாக்டர் நினைத்தார். அண்ணனோ ஊசியோடு மறுபடியும் வந்து நின்றார்.

"ஒரு தடவை நோக்கியாச்சல்லோ, தங்கராஜ்?" என்றார் டாக்டர், தன் மலையாளத் தமிழில்.

"பாத்தேன் சார். மலேரியாக் கிருமியில ஒரு ரகம் இருக்கு. பிஞ்சா இருக்கும்போதுதான் விரல் ரத்தத்துல சுத்தும். வளந்துட்டா, தான் குடியிருக்க சிவப்பணுவ மூளைக்குள்ள, குடலுக்குள்ள ரத்தக்குழாய்ச் சுவத்துல ஒட்டவச்சிடும். விரலுக்கு வராது. அணு வெடிச்சுக் குஞ்சுக வெளிய வரட்டும், அப்ப சிக்கும்."

இரண்டாவது சொட்டிலும் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் மூன்றாவது சொட்டு எடுத்தார். "சிஸ்டர், இங்க வாங்க" என்று கூப்பிட்டார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்: சிவப்பணுக்களுக்குள் மெல்லிய மோதிரங்கள் போல அந்தக் கிருமிகள், சில அணுக்களில் இரண்டிரண்டு. டாக்டரும் குனிந்து பார்த்தார். மறுபேச்சில்லாமல் குளுக்கோஸில் க்வினைன் கலந்து ஏற்றச் சொன்னார்.

மூன்றாம் நாள் செல்லத்தாய் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். "ஏட்டி, ஆட்டுக்குட்டிக்குத் தழ போட்டியா?" என்றாள். வார்டே சிரித்தது.

அன்றிலிருந்து நோட்டில் 'இல்லை' என்று அவர் எழுதவேயில்லை. 'காணவில்லை' என்றுதான் எழுதினார். கேட்டதற்கு, "என் கண்ணுக்குப் படலன்னுதான் நான் சொல்ல முடியும் சிஸ்டர். அந்த உடம்புல இல்லன்னு சொல்ல நான் யாரு?" என்றார்.

அதோடு விடவில்லை. செல்லத்தாய் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவள் கட்டிலருகே போய் நின்றார். "தாயி, மொதல்ல நான் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன். தப்பு என்னுது."

"அதுக்கென்ன அண்ணாச்சி, தேடிப் பிடிச்சிட்டீகள்லா" என்றாள் அவள். அண்ணனுக்குத்தான் கண் கலங்கியது.

இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்த பலர் அவருடைய கூர்மையான பார்வையைச் சொல்வார்கள். என்னிடம் தங்கியிருப்பது கட்டிலருகே கேட்ட அந்தக் குரல். எங்கள் வேலையில் நோயாளியிடம் அப்படிச் சொன்னவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. நேற்று இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு மருந்தை இரண்டு மணி நேரம் தாமதமாகக் கொடுத்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. ஆனாலும் அதன் தாயிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.