பறிமுதலான கைக்குட்டை

என் கைக்குட்டையை மருமகள் பறிமுதல் செய்துவிட்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பெஞ்சு நிறைய ஆட்கள் பார்க்க.

காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸில் செய்தி நடந்து போகாது, ரிக்‌ஷா ஏறிப் போகும். வேறு யாரும் சொல்லி உங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன் என் வாயால் வருவது மரியாதை.

சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகைப் பகுதியில் அம்மை குத்திக்கொள்வதைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? குத்த வருகிறார்கள் என்றதும் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கும் பெற்றோரைக் கொஞ்சம் காரமாகவே கேட்டிருந்தேன்.

என் வீட்டிலேயே ஒரு குழந்தைக்கு இன்னும் குத்தவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

பேத்தி ராஜத்துக்கு நாலு வயது. அவள் அம்மா அஞ்சலை – என் மருமகள் – கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் சிறுமியாக இருந்தபோது லயத்து வரிசை வீடுகளில் அம்மை வந்தது. பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் போனார்கள். வேப்பிலைமேல் கிடந்த அவள் தம்பி மட்டும் எழுந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து அஞ்சலைக்கு நோயைவிட, தம்பியை விட்டுவைத்தவள் கோபித்துக்கொள்வாளோ என்றுதான் பயம்.

"ஆத்தா வந்தா தானா வரட்டும் மாமா. ஊசிய வச்சி நாம ஏன் கூப்பிடணும்?"

ஆனாலும் நான் விடவில்லை. சாப்பிடும்போது சொன்னேன், தண்ணீர் கேட்கும்போது சொன்னேன். கடைசியில் ஒருநாள், அரிசி களைந்துகொண்டே சம்மதித்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா என்னால பாக்க முடியாது. நீங்களே தூக்கிட்டுப் போங்க."

போனோம்.

இதுவரை போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பயப்பட ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டும், அதுதான் பெரிய வேதனை. கூப்பிட்டதும் மருந்து போடும் டிரஸ்ஸர் மேல்கையைத் துடைத்துவிட்டு, அம்மைப்பாலை ஒரு சொட்டு வைக்கிறார். அந்தச் சொட்டின்மேலேயே ஊசியால் லேசாகக் கீறுகிறார். ரத்தம் கொட்டுவதில்லை. குழந்தை அழுவது வலியாலா, டிரஸ்ஸரின் மீசையாலா என்று சொல்வது கடினம்.

"ஐயா, தானா காயட்டும். துணி படக்கூடாது, தண்ணி படக்கூடாது. மஞ்சள், சாம்பல் எதுவும் பூச வேணாம். அடுத்த வாரம் கொண்டாந்து காட்டுங்க."

தலையாட்டினேன். ரயில்வேயில் பேரேடு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதி என்றால் தலை தானாக ஆடும்.

தாழ்வாரத்துக்கு வந்தோம். ராஜம் கையை விலக்கி நீட்டிக்கொண்டே அழுதாள்.

"தாத்தா, ஈரமா இருக்கு. எரியுது. தொடச்சி வுடு."

"காயட்டும் கண்ணு."

"தொடச்சி வுடு தாத்தா..."

பக்கத்தில் குழாய் இருந்தது. பையில் கைக்குட்டை இருந்தது. நனைத்தேன், பிழிந்தேன், துடைத்தேன். ஒருமுறை அல்ல – அவள் விசும்பல் நிற்கும்வரை. அழுகை நின்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வீட்டு வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போதுதான் என்ன செய்தேன் என்பது புத்தியில் ஏறியது.

அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். குறைந்தபட்சம் அஞ்சலையிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் வாசலிலேயே நின்றாள். "அழுதாளா மாமா?" என்று மட்டும் கேட்டாள். "கொஞ்சம்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க, காலையில் எழுந்ததும் என் முதல் வேலை குழந்தையின் கையைப் பார்ப்பது. சிவப்பாய் ஒரு தடிப்பு வராதா, ஒரு கொப்புளம் வராதா என்று. வழவழவென்று அப்படியே இருந்தது கை.

காட்டப் போகும் நாளில் அஞ்சலையும் வந்தாள். டிரஸ்ஸர் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே எழும்பலியே. இந்தச் சூட்டுல பாலு கெட்டிருக்கும். அப்படியும் ஆகும்லா. இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்."

எனக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. சூடு செய்த குற்றம். யார் மறுக்கப் போகிறார்கள்?

ஆனால் அஞ்சலை, குழந்தையின் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பெரிய பாரம் ஒன்று இறங்கிய முகம்.

"பாத்தீங்களா மாமா? ஆத்தாவே வேணாம்னுட்டா. இனிமே இந்தப் பேச்சு எடுக்காதீங்க. வாங்க, போவோம்."

ராஜத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கையில் இனி எந்தக் காலத்திலும் ஊசி படாது. அடுத்த முறை அம்மை வரும்போது... அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

"அஞ்சலை, நில்லும்மா. ஆத்தா ஒண்ணும் சொல்லல. நான்தான் தொடச்சிட்டேன்."

நின்றாள். "எத?"

"அந்தப் பால. கைக்குட்டைய நனைச்சித் தொடச்சேன். எரியுதுன்னு அழுதா."

டிரஸ்ஸர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரமா ஏன் சொல்லல?"

"பயம்."

"என்கிட்டயா மாமா?"

"ஒன்கிட்டதான். நான் சொன்னா சரியா இருக்கும்னு சொன்னியே..."

பெஞ்சின் ஓரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னாள்: "பேப்பர்ல நம்மளத் திட்டி எழுதுனாரே, இவருதானா? நம்ம வூட்டுக்காரரு கட்டிலுக்கடியிலதான் ஒளிச்சி வச்சாரு. இவரு ஆஸ்பத்திரிக்கே வந்து அழிச்சிட்டுல்ல போயிருக்காரு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டிரஸ்ஸர் மீசையும் அசைந்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"போடுங்கண்ணே. மாமா, அந்தக் கைக்குட்டைய இங்க குடுங்க."

கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஊசி கீறியதும் ராஜம் அழுதாள். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. அஞ்சலை அதைப் பார்த்துவிட்டாள். குழந்தையின் இன்னொரு கையை என் பக்கம் நீட்டினாள்.

"இதப் புடிச்சிக்கங்க. காயுற வரைக்கும் வுடாதீங்க."

விடவில்லை. ராஜத்துக்காக நான் பிடித்தேனா, எனக்காக அவள் பிடித்தாளா என்று கேட்காதீர்கள். அந்தச் சொட்டு காய்வதற்குள் நாங்கள் மூன்று பேருமே அழுது முடித்திருந்தோம்.

இந்த வாரம் கொப்புளம் எழும்பிவிட்டது. லேசான காய்ச்சல், கொஞ்சம் அரிப்பு – எல்லாம் டிரஸ்ஸர் சொன்னபடி. முதலில் பார்த்தவள் அஞ்சலை. சத்தம் போடாமல் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள்.

"வந்துட்டா மாமா. சின்னதா, கோவமில்லாம வந்திருக்கா."

அது அப்படி அல்ல, இப்படி என்று விளக்க வாயெடுத்தேன். எழுதியதும் சொன்னதும் போதும் என்று தோன்றியது. வேப்பிலையை நேராக்கிச் செருகிவிட்டு வந்தேன்.

கட்டிலுக்கடியில் ஒளித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் குத்துவதற்கு முன் பயந்தீர்கள், நான் பின்னால் பயந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனாலும் தூக்கிக்கொண்டு போங்கள். தயவுசெய்து.

கைக்குட்டை துவைத்து மடித்து அஞ்சலையின் பெட்டியில் இருக்கிறது. நேற்றுக் கேட்டுப் பார்த்தேன். "பொருக்கு விழட்டும் மாமா" என்றாள்.

அதுவரை மூக்கு ஒழுகினால் வேட்டி முனைதான்.