அந்தோணியின் கை நடுங்கியதில்லை

பஞ்சரான ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தோணியின் மனைவி மேரி. “அண்ணே, அவரு போயிட்டாருண்ணே” என்றாள். நெஞ்சுவலியாம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. “யாரு?” என்று கேட்டேன், மடையன். அவர்கள் இருவரை விட்டால் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்!

கும்பகோணத்தில் ஒரே கடையை நடுவில் தகரம் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் அந்தோணியும் நானும். உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பக்கம் என் சைக்கிள் ரிப்பேர், அந்தப் பக்கம் அவர் கிதார் ரிப்பேர். இருபது வருடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொண்டோம், சண்டையில்கூட.

சக்கரத்தின் நெளிசலை நேராக்குவதை எங்கள் தொழிலில் கோட்டம் எடுப்பது என்போம். அதற்கு நான் கண்ணைத்தான் நம்புவேன். ஒருநாள் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். “இப்பத் தட்டுனீங்களே, அந்தக் கம்பி தளர்வா இருக்கு” என்று தகரத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. இறுக்கினேன், சக்கரம் நேராக ஓடியது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இருவருமே கம்பியை இறுக்கிப் பிழைப்பவர்கள்தானே என்று அவர் சிரித்தார். நானும் இரண்டும் ஒரே வேலை என்று நம்பிவிட்டேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு காலை, அவர் ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தார். அவர் மேஜையில் ஒரு கிதார். திருவிடைமருதூர் அம்மா ஒருவர் கொடுத்தது, இறந்துபோன அவர் கணவருடையது. கழுத்து லேசாக வளைந்திருந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை இறுக்கினால் வளைவு நிமிரும் என்று பார்த்திருக்கிறேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று இறுக்கினேன். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், மயிரிழை வளைவு மிச்சம். இன்னொரு திருகு. ‘டக்’கென்று கம்பி முறிந்தது.

அவர் வந்ததும் சொன்னேன். கத்தவில்லை. கிதாரை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சக்கரத்துல கோட்டம் துளிகூட இருக்கக்கூடாது. இதுல கொஞ்சம் விட்டு வைக்கணுங்க. தந்தி ஆட இடம் வேணும்ல?” அந்த வளைவு அவர் வேண்டுமென்றே விட்டு வைத்தது.

மறுநாள் அந்த அம்மா வந்தார். “என் கை நடுங்கிடுச்சும்மா” என்றார் அந்தோணி. நான் இந்தப் பக்கம் காற்றடிக்கும் பம்பைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். “வேலை தெரியாதவர் கையில ஏன் விட்டேன்னு கேப்பாங்க. எப்படியும் எம்மேலதான் வரும், விடுங்க” என்றார்.

கழுத்தைப் பிரித்து, வேறு கம்பி போட்டு, அந்தக் கிதாரைப் பாட வைத்துத்தான் கொடுத்தார். ஆனால் அந்தோணிக்குக் கை நடுக்கம் என்ற பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. சர்ச்சுக்காரர்கள் கிதார்களைத் திருச்சிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பல நாள் அவர் துடைத்த ஆயுதங்களையே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஞாயிறு சொல்லிவிடலாம், அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நான் நாளைக் கடத்தினேன். சொல்லுங்கள் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கல்லறைக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். “நல்ல மனுஷன். பாவம், கைதான் நடுக்கம் கண்டுடுச்சு” என்றார். பக்கத்தில் நின்ற மேரி, ஆமாம் என்று தலையாட்டினாள். அவளிடம்கூட அவர் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் என் வாய் திறக்கவில்லை. ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நானும் ஒரு மனுஷனா!

அவருடைய ஆயுதங்களை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் மேரி. தொடவே கூசுகிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். இத்தனை நாள் அதற்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்திருந்தேன். மேரி, திருவிடைமருதூர் அம்மா, சர்ச்சுக்காரர்களே, அந்தக் கம்பியை முறித்தது என் கை.