பத்தாவது வீட்டின் பலகைகள்

எங்கள் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஒன்பது வீடுகள் நிற்கின்றன. எல்லாம் வெவ்வேறு கிராமங்களில் பிரித்தெடுத்து, லாரியில் கொண்டுவந்து, மறுபடி பூட்டி நிறுத்தியவை. ஒன்பதிலும் காலையில் அடுப்பு எரியும். புகை ஏறினால்தான் கூரை மரத்தில் பூச்சி அண்டாது. அதை மூட்டுகிறவரைப் புகையக்கா என்போம். "ஒம்பது அடுப்பு எரியுது, ஒண்ணுலயும் ஒலை கொதிக்கல. இப்படி ஒரு குடித்தனம் எனக்குத்தான் வாய்ச்சிருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆறு வருடமாகத் தினக்கூலி. நிரந்தர ஆணை இந்த மாதம்தான் மேலதிகாரியின் மேசைக்கு வந்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பஸ் பணிமனையில் டயர் மாற்றும் கணவர், முதுகு பிடித்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். அந்தக் கையெழுத்தை வீடே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பத்தாவது வீடு வந்தது. சுவர் முழுக்கப் பலகை, அறுபத்திரண்டு. எதற்குப் பக்கத்தில் எது என்று தெரிய, தச்சர் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டிருந்தார். அதை வரைபடத்தில் ஏற்றிப் பலகையில் தகடு அடிப்பது பதிவறையில் இருக்கும் என் வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். மேலதிகாரி பார்க்க வருகிறார் என்றதும் தூசிதான் என் கண்ணில் பட்டது. துடைத்து வைக்கும்படி அக்காவிடம் சொன்னேன். எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, காயவைத்து, போதாததற்கு உயரவாரியாக அடுக்கியும் வைத்திருந்தார்.

மறுநாள் தச்சர் வந்தார். எண்ணைத் தேடி ஒரு பலகையைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யார் செய்தது என்று மேலதிகாரி கேட்டார். "நாந்தாங்க தொடச்சேன்" என்றார் அக்கா. யார் சொல்லி என்று அவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு நாக்கு எழவில்லை. ஆணை மேசையிலிருந்து அலமாரிக்குள் போனது.

மதியம் பார்த்தால், அக்கா பலகைகளுக்கு நடுவே குந்தி ஒன்றை முகர்ந்துகொண்டிருந்தார். போனது சாக்பீஸ்தான். வருஷக்கணக்காய் ஏறிய கரி ஈரத்துணிக்கு அசையவில்லை. அடுப்பை ஒட்டி நின்ற பலகை கன்னங்கரேல் என்றிருந்தது. விலக விலகப் பழுப்பு.

"அண்ணே, இது அடுப்புக்கு நேரா நின்னது. இது அதோட தங்கச்சி. பாருங்க, புகை இதுலேர்ந்து அதுக்குத் தாவியிருக்கு" என்று தச்சரைக் கூப்பிட்டார். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். கரி ஒரே இழுப்பாக ஓடியது. ஆணித்துளைகளும் நேர்கோட்டில் நின்றன.

இரண்டு நாளில் ஐம்பத்தெட்டுப் பலகைக்கு இடம் தெரிந்தது. புகை எட்டாத நான்கைத் துளைகளை வைத்தே தச்சர் கண்டுபிடித்தார்.

அன்று மாலை மேலதிகாரியிடம் ஒரு தாளை நீட்டினேன். துடைக்கச் சொன்னது நான், எண்களைப் பதியாமல் விட்டதும் நான் என்று எழுதியிருந்தேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அலமாரி திறந்தது.

ஆணையோடு அக்கா பதிவறைக்கு வந்தார். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு நன்றி என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"உங்க பேரைச் சொன்னா பலகையில நம்பர் வந்துருமா, தம்பி? அதை விடுங்க. நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு வெளையாட்டுன்னு நினைப்பாரு. நீங்க படிச்சுக் காட்டுங்க" என்று செல்போனை என் கையில் திணித்தார்.

முழுவதும் படித்தேன். மறுமுனையில் அவர் கணவர் கேட்டார்:

"தம்பி, நிரந்தரம்னு வருதே, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.