பரிட்சைக்காக நான் நடிச்ச நோயெல்லாம்

எங்க வீட்டுக்காரரு டிரசர் பரிட்சைக்குப் படிச்ச அந்தக் கடைசி மாசத்துல எனக்கு வராத வியாதி இல்ல. திங்கக்கிழமை பாம்பு கடிச்சிருக்கும். செவ்வாக்கிழமை லோரி மோதிக் கால் ஒடிஞ்சிருக்கும். புதன்கிழமை பூச்சி மருந்தக் குடிச்சுட்டு வாயில நுரை தள்ளிக் கிடப்பேன். ஒரு நாளு லீவு கொடுங்கன்னு கேட்டா, "சரி, இன்னிக்கு ரெஸ்ட் எடு, நாளைக்கு உனக்கு வலிப்பு இருக்கு"ம்பாரு.

எழுபதுகளோட கடைசி அது. மலேசியாவுல கேமரன் மலையில, ரிங்லெட் ஊருக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரின்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஒரு மருந்து ரூம், நாலு கட்டில், ஒரு நீட்டு பெஞ்சு. பெரிய டாக்டர் எப்பவாவது கீழ இருந்து ஏறி வருவாரு. மத்த நாளெல்லாம் டிரசர்தான் டாக்டரு, அடிபட்டாலும் அவருதான், பிள்ளை பொறந்தாலும் அவருதான். பழைய டிரசர் பென்ஷன்ல போனதுல இருந்து எங்க வீட்டுக்காரரு அந்த வேலையப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஆனா பரிட்சை பாஸ் பண்ணிப் பதிஞ்ச ஆள் இல்ல. ரெண்டு தடவ போயி, ரெண்டு தடவயும் எழுத்துல பாஸ், வாய்ப் பரிட்சையில பெயில். தோட்டத்துத் துரை கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, இந்தத் தடவயும் இல்லன்னா வேற டிரசரக் கொண்டாந்துருவோம்னு. வேலை போனா ஆஸ்பத்திரியோட ஒட்டியிருந்த வீடும் போயிரும். அப்புறம் மூட்டையத் தூக்கிக்கிட்டு எங்க போறது?

புத்தகம் இவருக்குத் தலைகீழா மனப்பாடம். தோட்டத்து ஆளுங்க யாரு வந்து நின்னாலும் பயமில்ல. கோட்டுப் போட்ட டாக்டருங்க ரெண்டு பேரு எதிர்ல உக்காந்து, "இந்த நோயாளிகிட்ட என்னென்ன கேப்ப, வரிசையாச் சொல்லு"ன்னாத்தான் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். அதுக்காகத்தான் என்னைய பெஞ்சுல படுக்க வச்சாரு. தேயிலை வேலைக்காட்டு நேரம் முடிஞ்சதும் பெஞ்சுல போய்ப் படுத்துக்குவேன். சும்மா படுக்கிற ஆளா நான்? லயத்து வீடுங்களுக்கெல்லாம் கேக்கிற மாதிரி கத்துவேன். "டாக்டரே, உசுரு போகுது டாக்டரே, என் நகையெல்லாம் தங்கச்சிக்குக் கொடுத்துருங்க." என்கிட்ட ஏது நகை? பக்கத்து லயத்துப் பொம்பளைங்க சன்னல்ல நின்னு சிரிப்பாங்க. இவரு மட்டும் சிரிக்க மாட்டாரு. "நோயாளி அதிகமாப் பேசக்கூடாது"ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போவாரு.

வயித்து வலி நாள் மட்டும் ஒரு எடத்துல தடுமாறுவாரு. எப்ப வந்துச்சு, எங்க வந்துச்சு, வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டான்னு கேட்டுக்கிட்டே வந்து, "எல்.எம்.பி."ன்னு வாய்க்குள்ள முனகிட்டு, "சரி, அடுத்தது"ன்னு தாண்டிருவாரு. அது என்ன மருந்துன்னு ஒரு தடவ கேட்டேன். "மருந்து இல்ல. கேள்வி. அது உனக்கு வேணாம் விடு"ன்னாரு. கடைசியா வீட்டுக்குத் தூரமானது எப்பங்கிற கேள்விதான் அது. வயித்த வலிக்குதுன்னு எந்தப் பொம்பள வந்தாலும் மொதல்ல அதத்தான் கேக்கணுமாம். பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன்.

எதுக்குத் தாண்டுனாருன்னு எனக்குப் புரியாமலா? கல்யாணமாகி ஆறு வருஷம். கோயிலுக்குப் போனா, கடைக்குப் போனா, "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?"ன்னு ஊரே கேட்டுச்சு. கேக்காத ஒரே ஆளு அவருதான். புத்தகமே கேக்கச் சொன்னாலும் கேக்க மாட்டேன்னு இருந்தாரு, அந்த மனுஷன்.

அந்த மாசம் எனக்கு நாள் தள்ளிப் போச்சு. ஆறு வருஷத்துல மொதத் தடவ. நான் வாயத் தெறக்கல. இவருக்குக் கெட்ட சேதியத் தாங்கிக்க முடியும், நல்ல சேதியத்தான் தாங்க முடியாது. எங்களுக்கு அந்த வீட்டக் கொடுத்தப்பவே ராத்திரி ராத்திரியா எந்திரிச்சு சுவத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. இதச் சொன்னா படிச்சதெல்லாம் பறந்துரும். பரிட்சை முடிஞ்சு வாசப்படி ஏறட்டும், அப்பச் சொல்லிக்குவோம்னு வச்சுக்கிட்டேன்.

பரிட்சைக்குக் கொஞ்ச நாளுதான் பாக்கி. அன்னிக்குக் காலையில இருந்தே அடிவயித்துல ஒரு வலி. சோத்த வடிச்சு வச்சேன், அதுக்கு மேல நிக்க முடியல. ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போய் பெஞ்சுல படுத்துட்டேன். லயத்துப் பக்கம் போயிருந்த இவரு மத்தியானம் வந்து பாத்துட்டு, "நான் இன்னும் நோயே சொல்லலயே, அதுக்குள்ள படுத்தாச்சா?"ன்னாரு.

"என்னங்க, வயிறு வலிக்குதுங்க"ன்னேன்.

நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து வரிசையா ஆரம்பிச்சாரு. எப்ப இருந்து? காலையில இருந்து. வேற எங்கயாவது வலிக்குதா? தோள்பட்டையில. "தோள்பட்டையாம்லா. வயித்து வலிக்காரி வயித்தத்தான் காட்டணும்"னு சிரிச்சாரு. நான் பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. அங்கதான் அவருக்கு ஒறச்சிருக்கு. நான் வாய்க்கு வாய் பேசாம இருந்த நாளு ஏது? டாக்டரேன்னு கூப்பிடல, கத்தல, கேட்டதுக்கு மட்டும் மரியாதையா பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். சட்டுனு என் மணிக்கட்டப் புடிச்சாரு. நாடிய நடிக்க முடியாது இல்லையா. கண்ணு ரெப்பையக் கீழ இழுத்துப் பாத்தாரு. அவரு மூஞ்சி மாறுனத நான் பாத்தேன்.

"தலைக்குக் குளிச்சு எவ்வளவு நாளாச்சும்மா?"ன்னு கேட்டாரு. இங்கிலீசுல இல்ல, நம்ம பேச்சுலயே.

"தள்ளிப் போயிருக்குங்க. பரிட்சை முடிஞ்சு சொல்லலாம்னு"ன்னேன்.

உடனே என் கையில ஊசி குத்தி டிரிப் ஏத்துனாரு. துரையோட லேண்ட்ரோவர் வந்துச்சு. மலையடிவாரத்துல தாப்பா வரைக்கும் அத்தன வளைவுலயும் ஒரு கையில பாட்டிலத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால என் நாடியப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. அங்க இருந்து ஆம்புலன்சுல ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி.

கரு கர்ப்பப்பையில தங்காம குழாயில தங்கி, குழாய் வெடிச்சிருச்சாம். வயித்துக்குள்ள பூரா ரத்தமாம், அதனாலதான் தோள்பட்டை வலிச்சுச்சாம். ஆபரேஷன் பண்ணி என்னையக் காப்பாத்துனாங்க. பிள்ளையக் காப்பாத்துற பேச்சுக்கே எடமில்ல.

கண்ணு முழிச்சுப் பாத்தா கட்டில் பக்கத்துல உக்காந்திருக்காரு. "நான் பரிட்சைக்குப் போகப் போறதில்ல"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தையல் போட்ட வயித்தக் கையால அமுக்கிக்கிட்டு வார்டே திரும்பிப் பாக்கிற மாதிரி ஏசுனேன். "பிள்ளை போச்சு. பரிட்சையும் போகணுமா? வீடும் போகணுமா? எதையாவது ஒண்ணக் கையில கொண்டாங்க. இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்தா எல்லாம் திரும்பி வந்துருமா?" பக்கத்துக் கட்டில் மலாய்க்காரம்மா, "சூடாலா, சூடா", போதும் விடுன்னு என் கையத் தடவிக் கொடுத்தாங்க. இவரு எந்திரிச்சாரு. கசங்குன சட்டையோடயே, பரிட்சை நடக்கிற கோலாலம்பூருக்கு பஸ் ஏறப் போனாரு. அவரு தலை மறஞ்சதுக்கு அப்புறம்தான் நான் அழுதேன்.

பாஸாயிட்டாரு. நாங்க மலைக்குத் திரும்பி, என் தையல் ஆறுன பின்னாடி ரிசல்ட் வந்துச்சு. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி ஓடி வந்து சொன்னாரு, துரை வந்து கை கொடுத்தாரு. லயத்து ஆளுங்கெல்லாம் வந்து, இனிமே உங்களுக்கு என்னம்மா கொறைன்னு கேட்டாங்க. மனசார வாழ்த்துறவங்கதான், அவங்கள என்ன சொல்றது. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன்.

எல்லாரும் போனதுக்கு அப்புறம் அடுப்பு பக்கத்துல என்கிட்ட வந்து உக்காந்தாரு. "நாள் தள்ளிப் போனது உனக்கு எப்பத் தெரியும்?"ன்னு கேட்டாரு.

"வலி வர்றதுக்கு ஒரு பத்து நாளு முன்னாடி"ன்னேன். ஏன் சொல்லலன்னு கேப்பாருன்னு பதிலத் தேடிக்கிட்டிருந்தேன்.

"அந்தப் பத்து நாளும் சந்தோசமா இருந்துச்சா?"

எனக்காவது பத்து நாளு இருந்துச்சு. இந்த மனுஷனுக்கு ஒரு நாளு இல்ல. பிள்ளை இருக்குன்னு தெரிஞ்ச நிமிஷமே அது இல்லைன்னும் அவருக்குத் தெரிஞ்சு போச்சு.

"இருந்துச்சுங்க"ன்னேன்.

"என்ன பண்ணுன, சொல்லு."

"ரிங்லெட்டுக்குச் சாமான் வாங்கப் போனேன்ல. அவிச்ச சோளம் ரெண்டு வாங்கி பஸ் வர்றதுக்குள்ள தின்னுட்டேன். எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"அது அப்ப ஒரு பயறு அளவுதான்மா இருந்திருக்கும்"ன்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "அப்புறம்?"னாரு.

பத்து நாளையும் ஒவ்வொண்ணாச் சொன்னேன்.