பெல்ட் டிசைன் ரவிக்கை

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தையல் கடையில் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறேன். மணப்பெண்களின் முதுகில் மயிலும் பல்லக்கும் போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் என் முதுகில் என் கணவர் போட்டார், பெல்ட்டால். குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம்.

மறுவாரம் நாத்தனார் மகளின் கல்யாணம். மாமியார் என் முதுகைப் பார்த்தார். ஆங் மோ கியோ புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கை போடுகிறவர். மருந்து தடவவில்லை. "முதுக நல்லா மூடித் தச்சுக்க. நாலு பேரு முன்னாடி மானம் போயிடும் லா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, மூடித்தானே தைக்க வேண்டும்? கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கைப்பேசியில் படம் எடுத்தேன். கண்ணாடியில் இடவலம் மாறிவிடும். அதனால் வரைந்த தாளைப் புரட்டிப் போட்டுச் சந்தன நிறப் பட்டில் அச்செடுத்தேன். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஊசியை இறக்கினேன். ஒவ்வொரு குத்துக்கும் கணவர் முகத்தை நினைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது. வார் விழுந்த கோடுகளுக்குச் சிவப்பு, கன்றிய ஓரங்களுக்கு ஊதா. பக்கிள் சதையைப் பிய்த்த இடத்தில் கருஞ்சிவப்பு நூலை முடிச்சு முடிச்சாக அடைத்தேன்.

மண்டபத்தில் கணவர் என்னைச் சொந்தக்காரர்கள் நடுவே இழுத்துப் போனார். "எல்லாம் வைஃப் கைவேலைதான். திரும்பு, காட்டு."

திரும்பினேன்.

"என்னம்மா டிசைன் இது?" என்றார் ஓர் அக்கா.

"பெல்ட் டிசைன்க்கா. இது பக்கிள் பட்ட இடம். இவருதான் அடிச்சாரு. நான் அத அப்படியே தச்சேன்."

அத்தனை பேர் முன்னாலும் கணவர் என் கையைப் பிடித்து முறுக்கினார். மணிக்கட்டு மளுக்கென்றது. நான் அலறினேன். அந்த அக்காவும் இன்னொரு பெண்ணும் அவரைப் பிடித்துத் தள்ள, நாற்காலியோடு சரிந்தார். யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள்.

இப்போது ஜாலான் புசாரில் தனி அறையில் இருக்கிறேன். கைக்கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்றே மாமியார் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவர் தன் முழுக்கையைச் சுருட்டினார். மேல்கையில் அயர்ன் பெட்டியின் முனை அப்படியே பதிந்த பழைய தழும்பு.

"செத்துப் போனாரே உன் மாமனாரு, அவரு வச்சது" என்றார். "இதயும் தச்சுக் குடு. வெளிய தெரியணும்."

கத்தரிக்கோலை வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன்.